கார்ல் லெம்லி: ஐந்து சென்ட் கொட்டகை முதல் யுனிவர்சல் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட்டின் ஆரம்ப காலம் என்று பேச்சு வந்தாலே சாப்ளின், கிரிஃபித் என்று தொடங்கிவிடுவோம். கல்லாப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அவர்களில் எனக்குப் பிடித்தவர் கார்ல் லெம்லி. இவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த லெம்லி? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

யுனிவர்சல் படக் கம்பெனியைத் தொடங்கி, 1936 வரை அதன் முதலாளியாக இருந்தவர். பூகோள உருண்டை சுற்றுகிறதே, அதே யுனிவர்சல்தான். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஆங்கிலத்தைக் கடைசிவரை ஜெர்மன் வாடையோடுதான் பேசினார். ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம், வழுக்கைத் தலை, எப்போதும் ஒரு சிரிப்பு. ஸ்டூடியோவில் எல்லாரும் ‘அங்கிள் கார்ல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை ‘லேம்மில்’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம், லெம்லி என்றால் போதும்.

சினிமாவுக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

துணிக்கடை மேனேஜர். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய பிற்காலம் பாதி புரிந்துவிடும்.

1867 ஜனவரி 17 அன்று தெற்கு ஜெர்மனியில் லௌப்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார். 13 வயதிலேயே பக்கத்து ஊர் மொத்த வியாபாரியிடம் வேலை பழக அனுப்பிவிட்டார்கள். அம்மா இறந்ததும், 1884இல், 17 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க்கில் மருந்துக்கடை எடுபிடி, சிகாகோவில் கணக்கெழுதும் வேலை, நடுவில் கொஞ்ச நாள் பண்ணைக் கூலி என்று அலைந்து, கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் ஊரில் ஒரு ரெடிமேட் துணிக்கடைக்கு மேனேஜர் ஆனார். முதலாளியின் உறவுக்காரப் பெண் ரெக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார். கடைக்கு விளம்பரம் எழுதுவதிலும் தள்ளுபடி விற்பனை நடத்துவதிலும் ஆள் கெட்டிக்காரர். பிறகு முதலாளியோடு மனஸ்தாபம் வந்து வேலையை விட்டார். அப்போது வயது 39. கையில் சேமிப்பு, கண்முன்னே பிழைப்புக்கு வழி எதுவும் இல்லை.

துணிக்கடைக்காரருக்குச் சினிமா எப்படிப் பிடிபட்டது?

1906ஆம் ஆண்டின் தொடக்கம். எல்லாப் பொருளும் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று விற்கும் மலிவுக்கடை ஒன்று போடலாம் என்று சிகாகோவில் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு சின்னக் கொட்டகை வாசலில் கூட்டம். உள்ளே போனார், படம் பார்த்தார், வெளியே வந்தார். படத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அரைமணிக்கு ஒரு முறை கொட்டகை நிறைந்து காலியாவது அவர் கண்ணில் பட்டது. வாசலிலேயே நின்று தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை காட்சி, ஆளுக்கு ஐந்து சென்ட் வைத்தால் சாயங்காலத்துக்குள் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டார். துணிக்கடையில் ஒரு கோட்டு விற்க அரைமணி நேரம் பேச வேண்டும், அப்புறம் வீட்டுக்காரி பிடிக்கவில்லை என்றாள் என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். இங்கே யாரும் எதையும் திருப்பித் தர முடியாது!

1906 பிப்ரவரியிலேயே மில்வாக்கி அவென்யூவில் ‘வொய்ட் ஃப்ரண்ட்’ என்ற கொட்டகையைத் திறந்தார். பெயருக்கு ஏற்ப முகப்பு முழுக்க வெள்ளையடித்தது. அன்றைக்கு ஐந்து சென்ட் கொட்டகைகளுக்கு, நிக்கலோடியன் என்று பெயர், நல்ல பேர் கிடையாது. இருட்டு, அழுக்கு, ஜேப்படித் திருடர்கள் என்று குடும்பப் பெண்கள் ஒதுங்கிப் போவார்கள். ‘இது சுத்தமான இடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம்’ என்று அந்த வெள்ளைச் சுவரே சொல்லிவிட்டது. இரண்டே மாதத்தில் இன்னொரு கொட்டகையும் வந்தது.

கொட்டகைக்காரர் விநியோகஸ்தர் ஆனது எப்படி?

படம் ஒழுங்காகக் கிடைக்காததால்தான். அப்போது ஒரு படம் என்பது ஒரு ரீல், கிட்டத்தட்ட ஆயிரம் அடி, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜவுளியைக் கெஜக்கணக்கில் விற்பது போல ஃபிலிமை அடிக்கணக்கில், அடிக்குச் சுமார் பத்து சென்ட் என்று விற்றார்கள். கொட்டகைக்காரர் ஒவ்வொருவரும் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது, ஏனென்றால் அக்கம்பக்கத்து ஜனம் நாளைக்கே வேறு படம் கேட்கும். அதனால் நடுவில் ஒருவர் படப்பெட்டியை வாங்கிவைத்து வாடகைக்கு விடும் தொழில் பிறந்தது. அப்படி வாடகைக்கு எடுத்த பெட்டிகள் நேரத்துக்கு வராமலும், வந்தால் கீறல் விழுந்தும் இருந்ததால், 1906 கடைசியில் லெம்லி தானே அந்தத் தொழிலில் இறங்கினார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகப் பெரிய பட விநியோகஸ்தர்களில் ஒருவராகிவிட்டார்.

எடிசனோடு அவருக்கு என்ன சண்டை?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேமரா, புரொஜக்டர், ஃபிலிம் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் காப்புரிமை வைத்திருந்தார். அதில் முக்கியமானவர் தாமஸ் எடிசன். ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக் களைத்துப்போன பெரிய கம்பெனிகள், எடிசன், பயோகிராஃப், வைட்டாகிராஃப், பிரெஞ்சு பாத்தே உட்படச் சில, 1908 டிசம்பரில் ஒன்றுகூடி மோஷன் பிக்சர் பேடண்ட்ஸ் கம்பெனி என்ற கூட்டணி அமைத்தன. எல்லாரும் அதைச் சுருக்கமாக டிரஸ்ட் என்றார்கள். லைசென்ஸ் வாங்கியவர்தான் படம் எடுக்கலாம், விநியோகிக்கலாம். கொட்டகைக்காரர்கள் புரொஜக்டரைச் சொந்தக் காசில் வாங்கியிருந்தாலும் வாரத்துக்கு இரண்டு டாலர் கப்பம் கட்ட வேண்டும். ஃபிலிம் தயாரித்த ஈஸ்ட்மேன் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டுவிட்டதால் வெளியாட்களுக்கு கச்சா ஃபிலிமும் கிடைக்காது.

லெம்லியும் முதலில் லைசென்ஸ் வாங்கினார். மூன்று நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1909 ஏப்ரலில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எடிசன் பெரிய விஞ்ஞானி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தான் காசு கொடுத்து வாங்கிய பொருளை ஓட்ட இன்னொருவனுக்கு ஏன் வாராவாரம் தண்டம் அழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆத்திரம். இது ஒரு கடைக்காரரின் ஆத்திரம். கொள்கை வீரராக அவரைத் தூக்கிவைத்து எழுதுபவர்களை நான் முழுதாக நம்புவதில்லை.

அப்புறம் நடந்தது விளம்பரப் போர். ராபர்ட் காக்ரேன் என்ற விளம்பர எழுத்தாளர் அவருடைய கூட்டாளி. இருவரும் சேர்ந்து சினிமாத் தொழில் பத்திரிகைகளில் வாராவாரம் டிரஸ்டைக் கிண்டலடித்தார்கள். டிரஸ்டின் விநியோகப் பிரிவுக்கு ஜெனரல் ஃபிலிம் கம்பெனி என்று பெயர். இவர்கள் அதற்கு ‘ஜெனரல் ஃபிளிம்கோ’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஏமாற்று வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள கொச்சைச் சொல்லை ஃபிலிமோடு குழைத்துச் செய்த பெயர் அது. ஊருக்கு ஊர் இருந்த சின்னக் கொட்டகைக்காரர்கள் இதை ரசித்துப் படித்தார்கள், தங்களுக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று.

டிரஸ்ட் பதிலுக்கு வழக்கு மேல் வழக்காகப் போட்டது. மொத்தம் 289 வழக்குகள் என்பது லெம்லி தரப்புக் கணக்கு. துப்பறிவாளர்களும் அலைந்தார்கள், யார் எந்தக் கேமராவில் படம் எடுக்கிறார்கள் என்று பார்க்க. அந்தத் தொல்லைக்காக 1911 தொடக்கத்தில் லெம்லி ஒரு குழுவையே கியூபாவுக்கு அனுப்பிவைத்தார். அதில் நடிகை மேரி பிக்ஃபோர்டும் இருந்தார்.

கடைசியில் யார் ஜெயித்தது?

லெம்லி பக்கம்தான், ஆனால் ஒரே நாளில் இல்லை. 1912இல் டிரஸ்டின் முக்கியமான காப்புரிமைகளில் ஒன்றை நீதிமன்றம் செல்லாது என்றது. 1915 அக்டோபரில் அந்தக் கூட்டணியே ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. எனக்குச் சுவையாகப் படுவது மூன்றாவது. டிரஸ்ட் லைசென்ஸில் விற்ற புரொஜக்டர்களின் மேல் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள்: ‘எங்கள் காப்புரிமை பெற்ற ஃபிலிமைத்தான் இதில் ஓட்ட வேண்டும்’ என்று. ஒரு நியூயார்க் கொட்டகை அப்படிப்பட்ட மிஷினில் யுனிவர்சல் படத்தை ஓட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1917 ஏப்ரலில் யுனிவர்சலுக்குச் சாதகமாக முடிந்தது. மிஷினுக்குக் காப்புரிமை இருந்தால் மிஷினோடு நிறுத்திக்கொள், அதில் என்ன ஓட்ட வேண்டும் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். பிரிண்டருக்குள் எந்த மையை ஊற்றலாம் என்ற இந்தக் காலத்துச் சண்டைகளிலும் இதன் பெயர் அடிபடும்.

‘இம்ப்’ என்பது என்ன கம்பெனி?

டிரஸ்ட் படம் தராது என்றான பிறகு சொந்தமாக எடுத்தாக வேண்டுமே. 1909இல் இன்டிபென்டென்ட் மூவிங் பிக்சர்ஸ் என்று தொடங்கினார், சுருக்கினால் இம்ப். ஆங்கிலத்தில் இம்ப் என்றால் நம்மூர்க் குட்டிச்சாத்தான். சின்னமும் அதுவே, குட்டிச் சாத்தான் ஒன்று பெரியவர்களைச் சீண்டுகிற மாதிரி. முதல் படம் ‘ஹயவாதா’, 1909 அக்டோபரில் வந்த ஒரு ரீல் படம். கச்சா ஃபிலிமுக்குப் பிரான்ஸின் லூமியேர் கம்பெனியை நம்பி ஓட்டினார்கள்.

திரை நட்சத்திரம் என்பதையே அவர்தான் கண்டுபிடித்தாராமே?

அப்படிச் சொல்வது மிகை. கதை மட்டும் அருமையான கதை.

அந்தக் காலத்தில் நடிகர்களின் பெயர் படத்தில் வராது. பேர் தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள் என்ற பயமும் ஒரு காரணம். ஃபிளாரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை ஜனங்களுக்கு ‘பயோகிராஃப் பெண்’ என்றுதான் தெரியும், கம்பெனி பேரே அவர் பேர். லெம்லி அவரை அதிகச் சம்பளம் கொடுத்து இம்புக்கு இழுத்துக்கொண்டார்.

1910 மார்ச்சில் தொழில் பத்திரிகையில் ஒரு விளம்பரம். ‘ஒரு பொய்க்கு ஆணி அடிக்கிறோம்’ என்பது போன்ற தலைப்பு. நடிகை லாரன்ஸ் டிராம் மோதி இறந்துவிட்டதாக எதிரிகள் வதந்தி பரப்புகிறார்கள், அவர் நலமாக இருக்கிறார், இம்ப் படங்களில் நடித்துக்கொண்டிருக்கிறார் என்று சத்தியம் செய்கிறது விளம்பரம். எதிரிகள் அத்தனை சிரத்தையாக அந்த வதந்தியைப் பரப்பினார்களா என்றால், ஆராய்ந்தவர்கள் பலருக்கும் சந்தேகம்தான். கிளப்பியதும் அடக்கியதும் ஒரே கை என்பது பொதுவான கருத்து. அதே மாதக் கடைசியில் அவரை செயின்ட் லூயிஸ் நகருக்கே அழைத்துப் போய், ‘பாருங்கள், உயிரோடுதான் இருக்கிறார்’ என்று காட்டினார்கள். கூட நடிகர் கிங் பேகட். ரயில் நிலையத்தில் கூட்டம் முண்டியடித்தது.

நடிகர்களின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்த வேறு சில கம்பெனிகளும் அதே சமயத்தில் இருந்தன. அதனால் ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட, ரசிகன் கம்பெனிக்காக இல்லை, முகத்துக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறான் என்பதை மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னவர் என்றால் சரியாக இருக்கும். லாரன்ஸ் ஒரு வருடத்துக்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வாரம் 175 டாலருக்கு மேரி பிக்ஃபோர்டு வந்தார், அவரும் ஒரு வருடத்துக்குள் கிளம்பிவிட்டார். நட்சத்திரங்களை வளர்த்துவிட்டுத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாதது லெம்லிக்கு ஆயுள் முழுக்க இருந்த குறை. சம்பளத்தை ஏற்றிக் கேட்டால் துணிக்கடைக்காரர் விழித்துக்கொள்வார்.

யுனிவர்சல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1912இல் டிரஸ்டுக்கு வெளியே இருந்த சில தயாரிப்பாளர்கள், பாட் பவர்ஸ், டேவிட் ஹார்ஸ்லி, பாமன், கெசல் முதலானோர், லெம்லியோடு நியூயார்க்கில் கூடிப் பேசினார்கள். கம்பெனிக்குப் பெயர் வேண்டும். ஜன்னல் பக்கம் நின்றிருந்த லெம்லி தெருவில் போன ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு ‘யுனிவர்சல்!’ என்றாராம். வண்டியில் எழுதியிருந்தது ‘யுனிவர்சல் பைப் ஃபிட்டிங்ஸ்’. கதை நன்றாக இருப்பதால் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டாளிகளுக்குள் ஒரு நாள் ஒற்றுமை கிடையாது. ஒரு தகராறில் பவர்ஸ் கணக்குப் புத்தகங்களை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினார் என்று ஒரு கதை உண்டு. லெம்லி பொறுமையாக ஒவ்வொருவர் பங்கையும் வாங்கி வாங்கி, 1920இல் பவர்ஸையும் வெளியேற்றிவிட்டார்.

யுனிவர்சல் சிட்டி உண்மையிலேயே ஒரு நகரமா?

கிட்டத்தட்ட. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 230 ஏக்கர் பண்ணை நிலத்தை 1914இல் வாங்கினார். 1915 மார்ச் 15 அன்று திறப்பு விழா. ஆயிரக்கணக்கில் ஜனம், சிகாகோவிலிருந்து தனி ரயில். அந்த ‘நகரத்துக்கு’ ஒரு பெண் போலீஸ் தலைவர் இருந்தார், லாரா ஓக்லி என்ற நடிகை. அவர்தான் தங்கச் சாவியை லெம்லி கையில் கொடுத்தார். செயற்கை வெள்ளத்தைத் திறந்துவிட்டு ஷூட்டிங் நடத்திக் காட்டினார்கள். மறுநாள் விமான சாகசம் காட்டிய ஃப்ராங்க் ஸ்டைட்ஸ் விழுந்து இறந்துபோனதும் அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில்தான்.

இங்கேயும் பழைய கடைக்காரர் எட்டிப்பார்க்கிறார். ஷூட்டிங் பார்க்க வரும் ஜனங்களிடம் ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு, படிக்கட்டு மாதிரி பலகை அடித்து உட்காரவைத்து, சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார். மௌனப் படம்தானே, கைதட்டலாம், வில்லனைத் திட்டலாம், கேமராவுக்கு ஒன்றும் கேட்காது. பண்ணையாக இருந்த காலத்துக் கோழிகளையும் விடவில்லை, திரும்பிப் போகிறவர்கள் முட்டை வாங்கிக்கொண்டு போகலாம்! பேசும்படம் வந்ததும் வேடிக்கை பார்ப்பவர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. இன்று சுற்றுலாப் பயணிகள் டிராம் வண்டியில் ஏறி யுனிவர்சலைச் சுற்றிப் பார்ப்பது 1964இல் தொடங்கியது. யோசனை பழையதுதான்.

பெண் இயக்குநர்கள் அங்கே நிறைய இருந்தார்களா?

ஆமாம், 1910களில் வேறு எந்தப் பெரிய கம்பெனியையும்விட அதிகம். லோயிஸ் வெபர், ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின், எல்சி ஜேன் வில்சன் எல்லாரும் யுனிவர்சலில் இயக்கியவர்கள். வெபர் அக்காலத்தில் அமெரிக்காவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர். லெம்லி பெண்ணுரிமைக்குக் கொடி பிடித்தவர் அல்ல. வாரத்துக்கு இத்தனை ரீல் என்று கொட்டகைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், எடுக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் சரி. 1920 நெருங்குகையில் படங்கள் நீளமாகி, செலவு கூடி, வங்கிக்காரர்கள் உள்ளே வந்ததும் இந்தப் பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஸ்ட்ரோஹைம் விவகாரம் என்ன?

எரிக் வான் ஸ்ட்ரோஹைம் மாபெரும் இயக்குநர், மாபெரும் செலவாளி. ‘ஃபூலிஷ் வைவ்ஸ்’ படத்துக்காக ஐரோப்பாவின் சூதாட்ட நகரமான மான்டி கார்லோவையே கலிபோர்னியாவில் கட்டினார். செலவு கைமீறிப் போனபோது லெம்லி தலையில் கைவைத்து உட்காரவில்லை, அதையே விளம்பரம் ஆக்கினார். நியூயார்க் பிராட்வேயில் பெரிய பலகை வைத்து, இதுவரை ஆன செலவு இவ்வளவு என்று அவ்வப்போது தொகையை மாற்றிப் போட்டார்கள். ஸ்ட்ரோஹைம் பெயரின் முதல் எழுத்துக்குப் பதில் டாலர் குறி! 1922இல் படம் வந்தது, கணக்கு பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

அந்த ஸ்ட்ரோஹைமை அடுத்த படத்தின் நடுவிலேயே வேலையை விட்டு நிறுத்தியவர் இர்விங் தால்பெர்க். லெம்லிக்குக் காரியதரிசியாகச் சேர்ந்து, 20 வயதில் ஸ்டூடியோவையே நிர்வகிக்கும் பொறுப்புக்கு வந்த பையன். இவ்வளவு சின்ன வயதுக்காரனிடம் சாவியைக் கொடுத்த துணிச்சல் லெம்லியுடையது. அவனைத் தக்கவைத்துக்கொள்ளாததும் அவரேதான். 1923இல் தால்பெர்க் லூயிஸ் பி. மேயரிடம் போய், பின்னால் எம்ஜிஎம் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்.

மிக்கி மவுஸுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

சுற்றிவளைத்து உண்டு. வால்ட் டிஸ்னி, சார்லஸ் மின்ட்ஸ் என்ற இடைத்தரகர் வழியாக யுனிவர்சலுக்கு ‘ஆஸ்வால்ட்’ என்ற முயல் கார்ட்டூன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். முயலின் உரிமை யுனிவர்சலிடம். 1928இல் மின்ட்ஸோடு பேச்சு முறிந்து, முயலை இழந்து வெறுங்கையோடு திரும்பிய டிஸ்னி போட்டதுதான் எலி. அந்த முயல் டிஸ்னி கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்க 2006 ஆயிற்று.

பேய்ப் படங்களெல்லாம் அவர் எடுத்ததா?

அவர் ஸ்டூடியோ எடுத்தது, அவர் மகன் எடுத்தது. மௌனப் பட நாளிலேயே லான் சேனி நடித்த ‘தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்’ (1923), ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ (1925) இரண்டும் யுனிவர்சலுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தன. ஃபேன்டத்துக்காகக் கட்டிய ஓபரா அரங்கு 2014 வரை ஸ்டூடியோவில் நின்றது. மகன் ஜூனியர் லெம்லி 21 வயதை ஒட்டித் தயாரிப்புத் தலைவரானார். ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (இரண்டும் 1931), ‘தி இன்விசிபிள் மேன்’ (1933) எல்லாம் அவர் காலத்தவை. அப்பாவுக்கு இந்த வகைப் படங்களில் அவ்வளவு இஷ்டம் இல்லை. வசூல் வந்த பிறகு மறுப்பேதும் சொல்லவில்லை.

நாஜிகளோடு ஏற்பட்ட மோதல்?

1930இல் யுனிவர்சல் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ எடுத்தது. முதல் உலகப் போரை ஒரு ஜெர்மன் சிப்பாயின் கண்ணால் பார்க்கும் படம். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் திரையிட்டபோது கோயபல்ஸ் தலைமையில் நாஜிகள் தியேட்டருக்குள் புகுந்து நாற்றக் குண்டு வீசினார்கள், வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் ஜெர்மன் தணிக்கை படத்தையே தடை செய்தது.

லெம்லி இதில் முழு வீரராக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில காட்சிகளை வெட்டிக் கொடுத்து, மறுபடி ஜெர்மனியில் ஓட்ட வழி செய்தார். ஆனால் ஹிட்லர் ஆட்சிக்கு வரும் முன்பே, 1932இன் தொடக்கத்தில், பத்திரிகை அதிபர் ஹர்ஸ்டுக்கு எழுதி, இந்த ஆளால் யூதர்களுக்கு ஆபத்து வரப்போகிறது, உங்கள் பத்திரிகைகளில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வியாபாரியும் ஊர்ப்பாசக்காரரும் ஒரே ஆளுக்குள் முட்டிக்கொண்ட காலம் அது.

சொந்தக்காரர்களை எல்லாம் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தார் என்பது நிஜமா?

நிஜம். அண்ணன் மகன், அக்கா மருமகன், ஒன்றுவிட்ட தங்கை பிள்ளை என்று 70 பேர் வரை இருந்ததாகச் சொல்வார்கள். இதைக் கிண்டலடித்து அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ் அவர் பெயரையும் குடும்பத்தையும் எதுகையாக்கி இரண்டு வரி எழுதி, அது ஊரெல்லாம் பரவிவிட்டது. பலருக்குச் செய்ய வேலையே இல்லை. அதில் ஒரு பையன் மட்டும் தப்பிப் பிழைத்து மேலே வந்தான்: வில்லியம் வைலர். லெம்லியின் உறவுக்காரப் பெண்ணின் மகன். எடுபிடி வேலையில் ஆரம்பித்து, பின்னாளில் ‘பென்ஹர்’ இயக்கி, மூன்று முறை ஆஸ்கர் வாங்கியவர். சிபாரிசில் உள்ளே வந்தவர்களில் இப்படியும் ஒருவர்.

கம்பெனி ஏன் கைவிட்டுப் போனது?

யுனிவர்சலிடம் பெரிய நகரங்களில் சொந்தத் தியேட்டர் சங்கிலி கிடையாது. போட்டிக் கம்பெனிகளிடம் இருந்தது. பொருளாதார மந்தத்தில் கிராமத்துச் சின்னக் கொட்டகைகள் படுத்தபோது, அவற்றை நம்பியிருந்த யுனிவர்சலும் படுத்தது. அதன் நடுவில் ஜூனியர் விலையுயர்ந்த படங்களாக எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஷோ போட்’ இசைப் படத்தை முடிக்க 1935 நவம்பரில் ஒரு நிதி நிறுவனத்திடம் ஏழரை லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் 55 லட்சம் டாலர் கொடுத்தால் கம்பெனியையே எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையையும் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களால் அவ்வளவு பணம் புரட்ட முடியாது என்று லெம்லி நினைத்திருக்க வேண்டும். 1936 மார்ச்சில் புரட்டிவிட்டார்கள். ‘ஷோ போட்’ இரண்டு மாதம் கழித்து வந்து நன்றாக ஓடியது. அப்போது கல்லாவில் வேறு ஆள்.

நம் ஊரில் அவர் படங்கள் ஓடினவா?

ஓடின. மௌனப் படக் காலத்தில் வாராவாரம் தொடரும் சண்டைப் படங்களுக்கு இந்தியாவில் நல்ல கிராக்கி. யுனிவர்சல் தொடர்களின் நாயகன் எடி போலோவுக்குச் சென்னைக் கொட்டகைகளிலும் ரசிகர்கள் இருந்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

வாழ்க்கையிலேயே பெரிய வேலையை அப்போதுதான் செய்தார் என்பது என் எண்ணம்.

ஜெர்மனியிலிருந்து ஒரு யூதர் அமெரிக்காவுக்கு வர வேண்டும் என்றால், அவர் அரசாங்கத்துக்குப் பாரமாக மாட்டார் என்று அமெரிக்காவில் வசதியுள்ள ஒருவர் பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வந்தவருக்குச் சோறு இல்லையென்றால் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. லெம்லி எழுதினார். முதலில் சொந்தக்காரர்களுக்கு, பிறகு லௌப்ஹைம் ஊர்க்காரர்களுக்கு, பிறகு யாரென்றே தெரியாதவர்களுக்கு. ஒரு கட்டத்தில் ஸ்டுட்கார்ட்டில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் தயங்க ஆரம்பித்தார்கள். இவருக்கு 71 வயது, இத்தனை பேருக்கு இவர் எப்படிப் பொறுப்பேற்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. 1938 ஏப்ரலில் லெம்லி வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல்லுக்கே கடிதம் எழுதி முறையிட்டார். தன்னால் முடியாதபோது மற்ற பணக்காரர்களைப் பிடித்து எழுதவைத்தார். இப்படித் தப்பியவர்கள் 300 பேருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவில் எல்லாரும் சிரித்த அந்தச் சொந்தக்காரப் பட்டியல் நீண்டு நீண்டு இதுவரை வந்து நின்றது.

போர் தொடங்கி மூன்று வாரம் ஆன நிலையில், 1939 செப்டம்பர் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

இன்று அவர் பெயர் எங்காவது இருக்கிறதா?

லௌப்ஹைமில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர். 2017 முதல் அந்த ஊரில் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு அவர் பெயரில் விருதும் தருகிறார்கள். அமெரிக்காவில் யுனிவர்சலைவிட எனக்குப் பிடித்த அடையாளம் வேறு. மேக்ஸ், கர்ட் என்ற அவருடைய உறவுக்காரர்கள் இரண்டு பேர் 1938இல் லாஸ் ஏஞ்சலஸில் தியேட்டர் நடத்த ஆரம்பித்தார்கள். லெம்லி தியேட்டர்ஸ் என்ற பெயரில், வெளிநாட்டுப் படங்களும் சின்னப் பட்ஜெட் படங்களும் போட்டுக்கொண்டு, இன்னும் அந்தக் குடும்பம்தான் நடத்திவருகிறது.